மூன்று வழி காக்

பழைய ராஜ்தூத், புல்லட், ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்கு பெட்ரோல் டேங்குக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்னத் திருகு நினைவிருக்கும். ஆன், ஆஃப், ரிசர்வ். வண்டி நடுரோட்டில் இருமும்போது குனிந்து பார்க்காமலேயே இடது கை அதைத் தேடிப் போகும். கேரளக் கரையில் வள்ளங்களின் பின்பக்கம் தொங்குகிற மண்ணெண்ணெய் எஞ்சின்களில் இந்தத் திருகுக்கு ஓர் உறவுக்காரன் இருக்கிறான். ஒரு பக்கம் திருப்பினால் பெட்ரோல், மறுபக்கம் திருப்பினால் மண்ணெண்ணெய். உள்ளே வர இரண்டு வழி, கார்புரேட்டருக்குப் போக ஒரு வழி. மெக்கானிக்குகள் வாயில் இது வெறும் 'காக்'.

கொச்சிக்கு வேலைக்கு வந்தது முதல் படகுகளை இன்சூரன்ஸுக்காகச் சோதிப்பதுதான் எனக்குப் பிழைப்பு. கையடக்கமான இந்த காக் ஒழுகுகிறதா என்று பார்ப்பதும் அதில் ஒரு பகுதி. பார்க்கப் பார்க்க, இது ஏன் இங்கே இருக்கிறது என்ற கேள்வி வந்தது. நார்வே, பிரிட்டிஷ் டிராக்டர், ரேஷன் கடை என்று அந்தக் கேள்வி எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் கதைதான் இது.

முதலில் காக் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். மண்ணெண்ணெய் சோம்பேறி. பெட்ரோல் எந்தக் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் அப்படி இல்லை, 38 டிகிரியை ஒட்டித்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டு எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் தோள்பட்டைதான் வலிக்கும். அதனால் ஒரு சின்ன டப்பாவில் இருக்கும் பெட்ரோலில் எஞ்சினைக் கிளப்பி, சில நிமிடம் சூடாக விட்டு, பிறகு காக்கைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன்னால் மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்றி சற்று நேரம் ஓட்ட வேண்டும். அப்போதுதான் கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும், அடுத்த தடவை உடனே கிளம்பும்.

இந்த காக் இரண்டு விதமாக ஒழுகும். ஒன்று வெளியே சொட்டுவது. கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். இன்னொன்று உள்ளுக்குள்ளேயே ஒழுகுவது. வெளியே ஒரு சொட்டுகூட வராது, ஆனால் மூடியிருக்க வேண்டிய வழி முழுதாக மூடாது. பெட்ரோல் பக்கம் மண்ணெண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கும். கரையில் இது வெறும் எரிச்சல். ஆனால் நடுவில் எஞ்சின் அணைந்து, முகத்துவாரத்தில் அலை திரண்டு வரும் நேரத்தில், மறுபடி கிளப்ப முடியாமல் போனால்? வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பும். அதற்குப் பிறகு நடப்பது நீச்சல் தெரிந்தவனுக்கும் ஆபத்து.

வெளியே சொட்டுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ இருபது சொட்டு. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, அதாவது நாலு லிட்டருக்கும் மேல். ஒரு சிறிய 9.9 குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் குடிப்பது அவ்வளவுதான். போகட்டும், சொட்டுதானே என்று விடுகிறவன் தினம் ஒரு மணி நேரக் கடலைக் கரையிலேயே கொட்டிவிட்டுப் போகிறான்.

சரி, மண்ணெண்ணெய் எப்படி வந்தது? இந்தக் கரையில் முதலில் வந்தது டீசல்.

1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1953-ல் கொல்லத்துக்கு வடக்கே நீண்டகரை, சக்திகுளங்கரை, புத்தன்துறை கிராமங்களில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. மீன்பிடிப்பு மட்டுமல்ல, சுகாதார நிலையம், குடிநீர், ஐஸ் ஆலை எல்லாம் அதில் அடக்கம். நார்வேக்காரர்கள் முதலில் செய்ய நினைத்தது எளிமையான காரியம்: இங்கே ஏற்கனவே இருக்கும் வள்ளங்களில் எஞ்சின் பொருத்துவது.

அது நடக்கவில்லை. குடைந்த மரத்திலும், பலகைகளைக் கயிற்றால் தைத்தும் செய்த வள்ளங்கள், எஞ்சினின் நடுக்கத்துக்கோ அதன் தண்டுக்கோ ஏற்றவை அல்ல. அதைவிடப் பெரிய சிக்கல், இவை மணலில் ஏற்றி வைக்கும் படகுகள். அடியில் சுழலியும் சுக்கானும் நீட்டிக்கொண்டிருந்தால் அலையோடு வந்து மணலில் ஏற முடியாது. அதனால் புதிய வடிவத்தில், உள்ளே டீசல் எஞ்சின் வைத்த சிறிய படகுகள் கட்டப்பட்டன. அந்தப் படகுகளை நிறுத்த அமைதியான தண்ணீர் வேண்டும். நீண்டகரை அஷ்டமுடிக் காயலின் வாயில் இருப்பதால் அங்கே அது கிடைத்தது. திறந்த கடற்கரை ஊர்களுக்குக் கிடைக்கவில்லை. துறைமுகம் இருந்தவன் எஞ்சின்காரன், மணல் மட்டும் இருந்தவன் துடுப்புக்காரன் என்ற பிளவு அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

டீசலைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. நார்வேயின் மீன்பிடிப் படகுகளில் ஆரம்ப காலம் முதல் ஓடியவை கனமான எண்ணெய் எஞ்சின்கள். டீசல் ஒழுகினால் வழுக்கும், நாறும், செலவு வைக்கும். ஆனால் பெட்ரோல் மாதிரி வெடிக்காது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய படகில் அது அடித்தளத்தில் இறங்கிப் படுத்துக்கொள்ளும், ஒரு சுவிட்சின் பொறிக்காகக் காத்திருக்கும். டீசல் குழாயில் சின்ன ஒழுக்கு இருந்தால் பெரும்பாலும் நேர்வது வேறு. பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் காற்று உள்ளே போய் எஞ்சின் நின்றுவிடும். நட்டைத் தளர்த்தி, காற்று வெளியேறி வெறும் டீசல் வரும்வரை பம்ப் அடிக்க வேண்டும். 'ஏர் புடிச்சிருக்கு' என்பது நம் ஊர் லாரி டிரைவர்களுக்கும் தெரிந்த நோய்தான்.

அதே 1953-ல் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்குப் போக ஆரம்பித்தது. அதுவரை உரமாகவும் கருவாடாகவும் போன இறாலுக்கு டாலர் விலை வந்தது. 1960-களில் டீசல் படகுகள் இழுவலையோடு இறாலுக்குப் பாய்ந்தன. ஏழை மீனவனுக்காகத் தொடங்கிய திட்டத்தின் லாபம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை, திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தின் ஜான் குரியன் 1985-ல் எழுதிய ஆய்வில் விரிவாகப் பார்த்திருக்கிறார். துடுப்பு வலிப்பவர்களுக்கும் இழுவலைப் படகுகளுக்கும் கடலில் மோதல் வந்தது. 1980-ல் கேரளம் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. 1988-ல் மழைக்கால இழுவலைத் தடை வந்தது.

சட்டம் வரும்வரை மணல்கரைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் அவர்கள் கையில் கிடைத்தது ஜப்பானிய அவுட்போர்டு எஞ்சின். அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் 1909-ல் விற்கத் தொடங்கிய அதே யோசனை: எஞ்சின், தண்டு, சுழலி மூன்றும் ஒரே துண்டு, படகின் பின்பக்கம் தொங்கும், கரைக்கு வரும்போது தூக்கிவிடலாம். நார்வேக்காரர்களைத் தடுத்த மணல் இதைத் தடுக்கவில்லை! (இந்த எவின்ரூட்டும் நார்வேயில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா போனவர் என்பது ஒரு கொசுறு.) யமஹா 1960-லும் சுசுகி 1965-லும் அவுட்போர்டு விற்க ஆரம்பித்திருந்தன. சில வருடங்களுக்குள் கேரளத்தில் ஆயிரக்கணக்கில் வந்திறங்கின. முட்டம் பக்கத்தில் பெல்ஜியத்துக்காரரான பியர் ஜிலே இந்த எஞ்சினுக்கு ஏற்ற ஒட்டுப்பலகை வள்ளங்களை உருவாக்கினார். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீனவர் சங்கக் கூட்டமைப்பான சிஃப்ஸ், எஞ்சின்களோடு பழுதுபார்க்கும் பட்டறைகளையும் வைத்தது.

ஆனால் பெட்ரோல் விலை கட்டுப்படியாகாது. நம் நாட்டில் மிக மலிவான எண்ணெய் எது? ஏழை வீட்டு விளக்கிலும் ஸ்டவ்விலும் எரிவது, ரேஷனில் கிடைப்பது. மண்ணெண்ணெய். அதில் ஓடும் எஞ்சின்தான் இங்கே வேர் பிடித்தது. அதோடு கூடவே வந்தது மூன்று வழி காக்.

இதை ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். 1917-ல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டர் பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் உழுதது. முதல் உலகப்போரில் உணவுத் தட்டுப்பாட்டில் தவித்த பிரிட்டனுக்கு இந்த டிராக்டர் ஆயிரக்கணக்கில் போனது. பிறகு பிரிட்டிஷ் விவசாயிகளுக்கு என்றே வரி குறைந்த டிராக்டர் எண்ணெய் ஒன்று 1930-களிலிருந்து 1974 வரை விற்றது. இரண்டு டேங்க், நடுவில் ஒரு காக். அங்கேயும் இதே காரணம்தான்: அரசாங்கம் எந்த எண்ணெய்க்கு வரி குறைக்கிறதோ அதில் ஓடும்படி எஞ்சினை வளைப்பது. காக் என்பது எஞ்சினியரிங் மட்டுமல்ல, பட்ஜெட்டும்தான் :-)

காக்கின் உடம்போ இன்னும் பழையது. ரோமானியர்களின் குழாய்களில் வெண்கலக் காக்குகள் இருந்தன. உள்ளே துளையிட்ட ஒரு முளை, சுற்றி ஒரு கூடு. முளையைத் திருப்பினால் துளை வழியோடு பொருந்தும், இல்லாவிட்டால் அடைக்கும். இரண்டாயிரம் வருடமாகச் சண்டை ஒரே இடத்தில்தான்: முளைக்கும் கூட்டுக்கும் நடுவே இருக்கும் முடியளவு இடைவெளி.

அந்த இடைவெளியை அடைக்க ஒரு காலத்தில் நெட்டி மாதிரியான கார்க்கை வைத்தார்கள். காய்ந்தால் சுருங்கும், ஒழுகும். ரப்பர் வைக்கலாமே என்றால் அங்கேதான் வேடிக்கை. கேரளத்து மலையெல்லாம் ரப்பர். ஆனால் அந்த மரத்துப் பால் ரப்பரை மண்ணெண்ணெயில் போட்டால் ஊறி உப்பி இளகிவிடும். மலையில் விளைவது கடலுக்கு உதவாது. எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பரை 1930-களில் ஜெர்மானியர்கள் செயற்கையாக உருவாக்கினார்கள். 1938-ல் டூபாண்ட் கம்பெனியில் ராய் பிளங்கெட் கைக்கு தற்செயலாக டெஃப்லான் சிக்கியது. இன்றைய நல்ல பால் வால்வுகளில் உருண்டை உட்காரும் இருக்கை அந்த டெஃப்லான்தான்.

உலோகத்திலும் ஏமாறலாம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். உப்புத் தண்ணீர் துத்தநாகத்தை மெல்லத் தின்றுவிட்டு, செம்பை மட்டும் பஞ்சு மாதிரி விட்டுவைக்கும். வெளியே பார்த்தால் வால்வு முழுசாக இருக்கும். சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரியும். ஸ்பானரை வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உடையும். வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கான பித்தளை வால்வைப் படகில் போடாதே, வெண்கலம் போடு என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். விலை வித்தியாசம் கேட்டதும் பலர் வீட்டு வால்வையே வாங்குகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஒழுகினால் என்ன செய்வது? எண்ணெய் பிசுக்கைத் துடைத்துவிட்டு, எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பாதி நேரம் காக் நிரபராதி. குழாயின் கிளிப்போ, வெடித்த ஹோஸோதான் குற்றவாளி. காய்ந்த துணியையோ டிஷ்யூ பேப்பரையோ சுற்றி வைத்து, கை பம்ப்பை அமுக்கினால் எங்கே நனைகிறது என்று தெரிந்துவிடும். காக்தான் என்றால் டேங்க் பக்கம் அடைத்து, குழாயில் இருப்பதை வடித்துவிட்டுக் கழற்ற வேண்டும். ரப்பர் வளையம் உள்ள வகையில் வளையத்தை மாற்றினால் முடிந்தது. எண்ணெய் தாங்கும் ரகமா என்று மட்டும் கேட்டு வாங்க வேண்டும்.

பழைய முளை வகை என்றால் அதை உரசி உட்கார வைக்க வேண்டும். முளையின் மேல் நீளவாக்கில் பென்சில் கோடு போட்டு, கூட்டில் வைத்து ஒரு சுற்று திருப்பி எடுத்தால், கோடு எங்கே அழிந்ததோ அங்கே தொடுகிறது, அழியாத இடத்தில் வழி இருக்கிறது என்று அர்த்தம். நைசான கிரைண்டிங் பேஸ்ட் தடவி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் திருப்பித் தேய்க்க வேண்டும். எல்லாக் கோடும் ஒரே சீராக அழியும்வரை. அப்புறம் பேஸ்ட்டின் துகள் ஒன்றுகூட இல்லாமல் கழுவ வேண்டும். இதற்குக் கைப்பக்குவம் வேண்டும், பொறுமையும் வேண்டும். பக்குவமான மெக்கானிக் கையில் ஒரு காலைப்பொழுது வேலை. துத்தநாகம் தின்ற காக்கை மட்டும் யாராலும் காப்பாற்ற முடியாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதுதான்.

எம்-சீல் அப்புவதும், சோப்பைத் திணிப்பதும் கரை வந்து சேரும்வரைக்கான வைத்தியம். அதோடு நின்றால் சரி. பெரிய கப்பல்களில் இதற்கெல்லாம் விதி இருக்கிறது. டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914-ல் முதன்முதலாக எழுதப்பட்ட சோலாஸ் உடன்படிக்கையின் இன்றைய வடிவில், எஞ்சின் அறையில் தீப்பிடித்தால் டேங்க்கின் வால்வை அந்த அறைக்கு வெளியிலிருந்தே மூடும் வசதி இருந்தாக வேண்டும். வள்ளத்தில் அந்த வசதி என்பது, பின்பக்கம் உட்கார்ந்திருப்பவரின் கை.

இனி ரேஷன் கடைக்கு வருவோம். மண்ணெண்ணெய் மலிவாக இருந்தது வீடுகளுக்காக. மீனவர்களுக்கு எஞ்சின்களைப் பரிசோதித்து, குதிரைத்திறனுக்கு ஏற்றபடி பர்மிட் கொடுத்தார்கள். பர்மிட் எண்ணெய் போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். எட்டு குதிரைத்திறனில் ஆரம்பித்தவர்கள் இருபத்தைந்து, நாற்பது என்று ஏறி, பெரிய சுருக்குவலை வள்ளங்களில் இரண்டு மூன்று எஞ்சின் மாட்ட ஆரம்பித்தபோது இன்னும் போதவில்லை. மீதியை வெளிச்சந்தையில் வாங்க வேண்டியிருந்தது.

பிறகு வீடுகள் மாறின. மின்சாரம் வந்தது, 2016-ல் உஜ்வலா வந்து சமையலறைக்கு கேஸ் சிலிண்டர் வந்தது. டெல்லி 2014-லேயே தன்னை மண்ணெண்ணெய் இல்லாத நகரமாக அறிவித்துக்கொண்டது. மத்திய அரசு 2016 முதல் விலையைச் சில்லறை சில்லறையாக ஏற்றி, 2020-க்குள் மானியத்தைத் துடைத்துவிட்டது. மாநிலங்களுக்கான ஒதுக்கீடும் வருடா வருடம் வெட்டப்பட்டது. 2022-ல் கேரளத்து மீனவர்கள் வெளிச்சந்தை மண்ணெண்ணெயை லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினார்கள்.

இதை யாருடைய சூழ்ச்சி என்றும் சொல்ல முடியவில்லை. புகையும் விளக்கும் ஸ்டவ்வும் வீட்டை விட்டுப் போனது நல்லதுதான். சேரிகளில் ஸ்டவ் வெடித்துச் செத்த பெண்களை நினைத்தால் இன்னும் சீக்கிரம் போயிருக்கலாம். ஆனால் ஏழையின் விளக்கெண்ணெய் என்பதாலேயே அது படகுக்கு வந்தது. விளக்கு அணைந்ததும் படகுக்கும் அது எட்டாமல் போனது. நார்வே திட்டத்தில் மணலால் ஒதுக்கப்பட்ட அதே ஆட்கள், தாங்களாகக் கண்டுபிடித்த வழியிலும் இப்படி மாட்டிக்கொண்டார்கள்.

பெட்ரோல் பக்கமும் பழைய பெட்ரோல் இல்லை. 2022-ல் பத்து சதவீதம், 2025-ல் இருபது சதவீதம் என்று எத்தனால் கலந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பரைக் கெடுக்கும். கடற்காற்றில் திறந்து வைத்த பெட்ரோல் டப்பாவில் அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது காக் மாற்றுகிறவர்கள் வளையத்தை மட்டுமல்ல, பெட்ரோல் பக்கத்து ஹோஸையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது.

எல்பிஜி-யில் ஓட்டும் சோதனைகள் கேரளத்தில் நடந்திருக்கின்றன. பெட்ரோல் எஞ்சின், டீசல் எஞ்சின் என்றும் யோசனைகள் வருகின்றன. எது வந்தாலும் ஒரே எண்ணெய்தான், ஒரே வழிதான். மூன்று வழி காக்குக்கு அங்கே வேலை இல்லை. உரசி உட்கார வைக்கும் கைப்பக்குவத்துக்கும் அதிகம் வேலை இருக்காது. காக்கை மாற்ற ஒரு காலைப்பொழுது போதும். எஞ்சினையே மாற்றும் கடன் யார் தலையில் விழும் என்பதுதான் இப்போது இந்தக் கரையில் எல்லோரும் கேட்கிற கேள்வி.